வீல் சைடு பூட் கிழிந்துவிட்டது: பூட் மட்டும் மாற்றினால் போதுமா, ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டுமா?

கொடைரோடு_டிரைவர்

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2012 ஸ்விஃப்ட் டீசல், ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. போன வாரம் வாட்டர் சர்வீஸுக்கு விட்டபோது பிட்டில் நின்ற பையன்தான் கூப்பிட்டுக் காட்டினான். முன்பக்கம் இடது சக்கரத்தின் உள்பக்க ரிம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறது, சஸ்பென்ஷன் கம்பியிலும் பிரேக் ஹோஸிலும் கூடக் கொஞ்சம். டார்ச் அடித்துப் பார்த்தால் வீல் பக்கத்து பூட்டில், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் மூட்டை (ஜாயிண்டை) மூடியிருக்கும் ரப்பர் உறையில், ஒரு மடிப்பு முழுசாகக் கிழிந்து வாய் பிளந்து நிற்கிறது. ஓட்டும்போது எனக்கு எந்தச் சத்தமும் தெரியவில்லை, ஸ்டீயரிங்கும் நடுங்கவில்லை.

வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், பூட் எல்லாம் போட்டால் நிற்காது, இரண்டு பக்கமும் ஷாஃப்ட் அசெம்பிளியாக மாற்றிவிடலாம், லேபரோடு பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். வண்டியைத் தூக்கிப் பார்க்கவுமில்லை, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவுமில்லை. ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால் பூட் கிட் அறுநூறு ரூபாய், கிரீஸ், பூட்டை இறுக்கும் கிளாம்ப் எல்லாம் உள்ளேயே வரும் என்கிறார். இன்னொரு நண்பர், ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஒட்டுகிற மாதிரி பிளவு பூட் ஆன்லைனில் கிடைக்கிறது, அதைப் போட்டுவிடு என்கிறார்.

எனக்கு வாரம் ஒரு முறையாவது வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏற வேண்டிய வேலை. மழையும் ஆரம்பித்துவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது? இதே நிலையில் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

தம்பி, பதினெட்டாயிரத்தை முதலில் ஓரமாக வையுங்கள். பூட் கிழிந்தது வேறு, ஜாயிண்ட் போனது வேறு. உங்களுக்கு முதலாவது நடந்திருக்கிறது, இரண்டாவது நடந்துவிட்டதா என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை.

வீல் பக்கத்து ஜாயிண்டுக்குள் ஆறு குண்டு, அவற்றைப் பிடிக்க ஒரு கூண்டு, உள்ளேயும் வெளியேயும் குண்டு ஓடப் பள்ளம் வெட்டிய இரும்பு. சக்கரம் ஒடிந்து திரும்பியிருக்கும்போதும் சுழற்சி ஒரே சீராகப் போக வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை வேலைப்பாடும். இரும்பு நல்ல கெட்டியான இரும்பு, கிரீஸும் சுத்தமும் இருந்தால் எளிதில் சாகாது. பூட்டுக்கு வேலை இரண்டே இரண்டு: உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடக் கூடாது, வெளியே இருக்கும் மண்ணை உள்ளே விடக் கூடாது. உங்கள் டயர் அளவுக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 680 சுற்று சுற்றும். கிழிந்த பூட்டோடு அந்தச் சுற்று சுற்றினால் கிரீஸ் எங்கே நிற்கும்? அதைத்தான் ரிம்மில் பார்த்திருக்கிறீர்கள். கிரீஸ் போன இடத்தில் தண்ணீரும் மணலும் ஏறிக்கொள்ளும், அதற்கப்புறம் அம்மியில் வைத்து அரைக்கிற கதைதான்.

அதனால் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதற்குக் கிலோமீட்டர் கணக்கில் பதில் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் சில வாரம் தாங்கும், சேறும் மழைத் தண்ணீருமாக இருந்தால் சீக்கிரம் கெடும். மழையில் மலை ஏறுவதைச் சரிசெய்யும் வரை தள்ளிப்போடுங்கள்.

இப்போது நீங்களே செய்யக்கூடிய சோதனை. ஒரு காலி மைதானத்துக்குப் போய்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கை முழுசாக வலது பக்கம் ஒடித்து முதல் கியரில் மெதுவாக வட்டம் அடியுங்கள். நடுவில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். அப்புறம் இடது பக்கம். ரிவர்ஸிலும் அதே மாதிரி. பக்கத்தில் சுவர் இருந்தால் சத்தம் எதிரொலித்து இன்னும் தெளிவாகக் கேட்கும். சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப டக் டக் டக் என்று வந்தால் வெளி ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. வலது ஒடிக்கும்போது வந்தால் பெரும்பாலும் இடது பக்கத்து ஜாயிண்ட்தான், ஏனென்றால் அப்போது பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிப் பொருள் வாங்கிவிடாதீர்கள்.

உள்பக்க ஜாயிண்ட், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது, கெட்டால் இப்படிக் கிளிக் அடிக்காது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வண்டி முன்பக்கம் குலுங்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். ஊஊ என்று வேகத்தோடு ஏறுகிற சத்தம் என்றால் வீல் பேரிங்கைப் பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரில் மட்டும் கட கட என்றால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும். லிங்க் ராட் சத்தத்துக்கு ஷாஃப்ட் மாற்றிய வண்டிகள் என் ஒர்க்‌ஷாப்புக்கு நிறைய வந்திருக்கின்றன. ஷாஃப்ட் புதுசு, சத்தம் பழசு.

அடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, கிழிந்த இடத்தில் விரலை விட்டுக் கொஞ்சம் கிரீஸ் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். கறுப்பாக, வழவழவென்று இருந்தால் நல்ல செய்தி, அந்தக் கறுப்பு மாலிப்டினம் கலந்த கிரீஸின் இயல்பான நிறம். நறநறவென்றால் மண். துருப் பழுப்பாகவோ, பால் கலந்த மாதிரி சாம்பல் நிறமாகவோ இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கிப் பாருங்கள். உள் ஜாயிண்டில் லேசான ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். வெளி ஜாயிண்டில் டக்கென்று கையில் தட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

சத்தம் இல்லை, கிரீஸில் மண் இல்லை என்றால் பூட் மட்டும் போதும். கம்பெனி ஒரிஜினல் ஜாயிண்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஊர் பேர் தெரியாத ஷாஃப்ட் போடுவதைப் போல வீண் வேலை வேறில்லை. சத்தம் வந்துவிட்டது என்றால் பூட்டும் கிரீஸும் போடுவது காசுக்குப் பிடித்த கேடு. பள்ளத்தில் தேய்ந்த இரும்பு கிரீஸ் போட்டால் வளராது.

இன்னொன்று, வாட்டர் சர்வீஸில் அடியில் டீசல் அடிக்கிறேன், பழைய ஆயில் அடிக்கிறேன் என்பார்கள். அடிக்க விடாதீர்கள். பாடியில் துரு பிடிக்காதோ என்னவோ, ரப்பர் எல்லாம் உப்பிப் போகும். அம்பாசிடர் காலத்துப் பழக்கம் அது. அதில் இழுப்பது பின்சக்கரம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கு கிரீஸ் கன்னால் நாலு அடி அடித்தால் முடிந்தது வேலை. 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கரம் இழுக்கிற வண்டியும் இந்த பூட்டும் நம் பக்கம் பரவலாகப் பழக்கமாயின, ஆனால் டீசல் அடிக்கிற கை மட்டும் மாறவில்லை.

ஜிபிரோடு_ஸ்பேர்ஸ்

அண்ணாச்சி சொன்னதோடு பொருள் வாங்குவதைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், தினமும் இதே வியாபாரம்தான்.

பூட் என்றால் எல்லாம் ஒரே கறுப்பு ரப்பர் என்று நினைக்க வேண்டாம். மென்மையான நியோப்ரீன் ரப்பர் ஒரு வகை, கொஞ்சம் விறைப்பான தெர்மோபிளாஸ்டிக் ஒரு வகை. உங்கள் வண்டியில் எது வந்ததோ அதே வகையை வாங்குங்கள், கிளாம்ப் பிடிக்கும் முறையே இரண்டுக்கும் மாறும். வாங்கும்போது மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கடையில் பல வருடம் கிடந்த சரக்கு என்றால் மடிப்பின் அடியில் முடி போல வெடிப்பு தெரியும், சாயமும் மங்கியிருக்கும். அப்படி இருந்தால் புதுப் பாக்கெட்டில் வந்தாலும் வேண்டாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற யுனிவர்சல் பூட் பக்கமே போகாதீர்கள், வாய் அளவு சரியாக வராமல் கிளாம்பை இறுக்கி இறுக்கி மடிப்பு விழுந்து அங்கேயே கிழியும்.

ஷாஃப்ட்டாகவே வாங்க நேர்ந்தால் நாலு விஷயம் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். இடதா வலதா, இரண்டும் ஒரே நீளம் அல்ல. பெட்ரோலா டீசலா, ஸ்ப்ளைன் பல் (ஷாஃப்ட் நுனியில் வெட்டிய பல்வரிசை) மாறும். எந்த வருட மாடல். ஏபிஎஸ் உள்ள வண்டியா இல்லையா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறைய பேர் அடி வாங்குகிறார்கள். பல வண்டிகளில் வெளி ஜாயிண்டின் மேல் பல் வைத்த ஒரு வளையம் இருக்கும், ஏபிஎஸ் சென்சார் அதைப் பார்த்துத்தான் சக்கர வேகம் படிக்கும். மலிவு ஷாஃப்ட்டில் அந்த வளையமே இருக்காது, அல்லது பல் எண்ணிக்கை வேறாக இருக்கும். வண்டி ஓடும், டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாது, அதற்குப் பிறகு சென்சாரை மாற்று ஒயரிங்கைப் பார் என்று ஒரு வாரம் போகும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் கிடைக்குமே என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கிடைக்கும். ஒரிஜினல் ஷாஃப்ட் நல்ல நிலையில் சிக்கினால் புது மலிவுச் சரக்கைவிட அது மேல்தான். ஆனால் வாங்குகிறவர் கையில் பிடித்து ஜாயிண்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் சிக்கிச் சிக்கித் திரும்பினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பூட்டும் கிரீஸும் எப்படியும் புதுசு போட்டாக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிளவு பூட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒட்டுகிற இடத்தில் துளி கிரீஸ் இருந்தாலும் பசை பிடிக்காது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கிரீஸ் வழிகிற ஜாயிண்டில், அந்த ஓரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் விற்பதில்லை, திரும்பி வந்து கத்துவார்கள்.

ஸ்காபரோ_மயூரன்

இதில் எனக்கு வேறு கருத்து இருக்கு. நான் இருப்பது கனடாவில், ஸ்காபரோப் பக்கம். இங்கே கராஜ்களில் பூட் மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் ஆளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியே நூறு டொலருக்கு மேலே போகும். பூட் மாற்றுவதற்கு ஷாஃப்ட்டைக் கழற்றத்தான் வேணும், கழற்றிய பிறகு பிரித்துத் துடைத்துக் கிரீஸ் போட்டுப் பூட்டுவதற்கு இன்னும் நேரம். அந்த நேரத்துக்குரிய கூலியைவிட மறுசீரமைத்த ஷாஃப்ட் மலிவு. பழையதைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் முற்பணமாக எடுத்த காசும் திரும்பி வரும். அதால் இங்கே எல்லோரும் முழு ஷாஃப்ட்தான்.

இங்கத்தைய இன்னொரு பிரச்சினை பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு. பூட் நன்றாக இருக்கும், கிளாம்ப் துருப்பிடித்து அறுந்து கிரீஸ் ஒழுகும். சக்கரம் மாட்டும் ஹப்புக்குள் ஷாஃப்ட் துருவேறி இறுகி, அதைத் தட்டி எடுப்பதே பாதி நாள் வேலையாகிவிடும்.

ஆனால் அண்ணாச்சி சொன்னதில் ஒன்று உண்மை. மறுசீரமைத்த மலிவு ஷாஃப்ட் போட்ட பிறகு நிற்கும்போது டிரைவ் கியரில் ஸ்டீயரிங் அதிர்கிறது என்று முறைப்பாடு செய்யாத ஆட்கள் குறைவு. என்னுடைய பழைய கொரோலாவுக்கும் அதே கதைதான். ஒரிஜினல் ஷாஃப்ட் கையில் இருந்தால், உங்கள் ஊரில் கூலியும் குறைவு என்றால், பூட் மாற்றுவதுதான் புத்தி. எங்களுக்குக் கூலிக் கணக்கு அதற்கு இடம் விடுவதில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு_ஸ்பானர்

நான் மெக்கானிக் இல்லை, வீட்டு வாசலில் சொந்த வண்டி வேலை பார்க்கிற ஆள். வேகன்ஆரில் இதே வேலை செய்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் தடுமாறுகிற இடம். யூடியூபில் வெளிநாட்டு வீடியோக்களில் வெளி ஜாயிண்டை ஒரு பித்தளைத் துண்டு வைத்து ஓங்கி ஒரு தட்டு தட்டுவார்கள், கழன்று கையோடு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு மாருதி ஷாஃப்ட்டை அடிக்கப் போகாதீர்கள். பல மாருதி வண்டிகளில் வீல் பக்கத்து ஜாயிண்டைப் பிரிக்கக் கூடாது என்றுதான் சர்வீஸ் மேனுவலே சொல்கிறது, அது ஷாஃப்ட்டோடு சேர்ந்த ஒரே பொருள். அப்படியானால் வெளி பூட் எப்படி ஏறும்? உள்பக்கத்திலிருந்து. கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்டைத் திறந்து, மூன்று உருளை வைத்த அந்த டிரைபாட் துண்டை லாக் கழற்றி எடுத்துவிட்டு, ஷாஃப்ட் நெடுக வெளி பூட்டை வழுக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எப்படியும் உள் பூட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் அதையும் புதுசாகவே போட்டுவிடுங்கள், இருநூறு முந்நூறு ரூபாய்க்குப் பார்த்து விட்டுவிட்டால் அடுத்த வருடம் இதே வேலை திரும்பி வரும்.

ஹப் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தளர்த்த வேண்டும். சாக்கெட் 30 அல்லது 32 இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். அந்த நட்டின் உதட்டை ஷாஃப்ட் பள்ளத்துக்குள் உளியால் தட்டி மடக்கியிருப்பார்கள், முதலில் அதை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தாமல் நீளப் பைப் போட்டு இழுத்தால் நட்டோடு ஷாஃப்ட்டின் மரையும் போகும். திருப்பிப் போடும்போது புது நட்டு, அது ஒரு முறை உபயோகிக்கிற பொருள். ஐம்பது ரூபாய் நூறு ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடித்துப் பழையதையே அடித்து மடக்குகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. புது நட்டுப் பாக்கெட்டை நீங்களே வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

நட்டைத் தளர்த்திய நிலையில் வண்டியைத் தரையில் வைத்து உருட்டவே கூடாது. வீல் பேரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த நட்டின் இறுக்கம்தான். பெரும்பாலான சின்ன கார்களில் அது 170-இலிருந்து 220 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், உங்கள் மாடலுக்கு உள்ள சரியான அளவை மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். கைப்பழக்கம் சார் என்பார்கள். கைப்பழக்கத்தை வீல் போல்ட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கியர் ஆயிலை முதலில் வடித்துவிட்டுத்தான் ஷாஃப்ட்டை உருவ வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை வழியாகக் கொட்டும். லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டைக் கழற்றி ஹப்பை வெளியே இழுத்து, கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு கம்பி வைத்து நெம்பினால் டக்கென்று லாக் விடும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் பிரிந்து உருளை பூட்டுக்குள்ளேயே விழும். ஹப்பைத் தனியாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸை இழுபட விடாமல் ஒரு கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

டிரைபாட்டைக் கழற்றும் முன் அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் அதன் வெளிக் கிண்ணத்துக்கும் பெயின்ட்டால் ஒரே கோட்டில் குறி போடுங்கள். மூன்று உருளையும் தேய்ந்து பழகிய இடத்திலேயே திரும்ப உட்கார வேண்டும். வெளி ஜாயிண்டைப் பழைய துணியால் துடைத்து, மண்ணெண்ணெயோ பிரேக் கிளீனரோ விட்டு எல்லாப் பக்கமும் மடக்கி மடக்கிக் கழுவி, காற்று அடித்து முழுசாகக் காய வைத்த பிறகு குண்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பள்ளத்தில் குண்டு ஓடும் தடம் பளபளப்பாக இருப்பது இயல்பு. அந்தப் பளபளப்புக்கு நடுவே சொறி பிடித்த மாதிரிக் குழி, அல்லது கூண்டின் ஜன்னலில் வெடிப்பு இருந்தால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டு ஷாஃப்ட் தேடப் போகலாம்.

கிட்டில் கிரீஸ் இரண்டு பாக்கெட் வரும். நிறம் வேறாக இருந்தால் ஒன்று வெளி ஜாயிண்டுக்கு, ஒன்று உள் ஜாயிண்டுக்கு, மாற்றிப் போடக் கூடாது. பாக்கெட்டில் இருப்பது முழுவதையும் போட வேண்டும், பாதியைக் குண்டுகளுக்கு நடுவே விரலால் அழுத்தி, மீதியைப் பூட்டுக்குள். வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதா கிரீஸைத் தொடக் கூடாது. கிளாம்ப் மாட்டும் முன் பூட்டின் சின்ன வாயில் ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் விட்டு உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் பூட் ஒரு பக்கம் உப்பியோ உள்ளிழுத்தோ நின்று மடிப்போடு மடிப்பு உரசும். கிளாம்ப் இல்லை என்று கேபிள் டை போட்டால் அடுத்த மழைக்கு முன்னே திரும்பி வரும்.

கொடைரோடு_டிரைவர்

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி பள்ளிக்கூட மைதானத்தில் போய் இரண்டு பக்கமும் ஒடித்து ஓட்டிப் பார்த்தேன், ரிவர்ஸும் பார்த்தேன். டக் டக் இல்லை. டயர் மண்ணில் இழுபடும் சத்தம் மட்டும்தான். கிரீஸை எடுத்துத் தேய்த்ததில் கிழிசல் ஓரத்தில் இருப்பது கொஞ்சம் நறநறக்கிறது, உள்ளே விரலை விட்டு எடுத்தது வழவழப்பாகவே இருக்கிறது. வலது பக்க பூட் கிழியவில்லை, ஆனால் மடிப்பை விரித்தால் அடியில் கோடு கோடாக வெடிப்பு.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பேசினேன். அவர் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு எது தேவையோ அதைச் சொல்கிறேன் என்றார், அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு பக்கமும் நாலு பூட்டும் மாற்றுவதாக முடிவு. அவர் கியர்பாக்ஸில் ஷாஃப்ட் நுழையும் இடத்து ஆயில் சீலையும் வாங்கி வரச் சொல்கிறார். இப்போது ஒழுகவே இல்லையே, அது தேவையா?

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

தேவை. பல வருடம் ஒரே இடத்தில் உரசிப் பழகிய சீலின் உதடு, ஷாஃப்ட்டை உருவித் திரும்பச் செருகினால் பழைய தடத்தில் அப்படியே உட்காரும் என்று சொல்ல முடியாது. சின்ன விலைதான். வடித்த கியர் ஆயிலும் லட்சம் கிலோமீட்டர் பார்த்த ஆயில்தானே, புதுசாகவே ஊற்றச் சொல்லுங்கள், மேனுவலில் உள்ள கிரேடு, உள்ள அளவு. செருகும்போது ஸ்ப்ளைன் பல் சீல் உதட்டில் கீறாமல் நேராகப் பிடித்து விட வேண்டும், அவசரப்பட்டுக் குத்தினால் புது சீலும் அன்றைக்கே ஒழுகும். முழுசாகச் செருகியதும் லாக் விழுகிற சத்தம் கேட்க வேண்டும், கையால் இழுத்தால் வரக் கூடாது.

பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் கிரீஸ் பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் துடைத்துவிடலாம், கிரீஸ் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும். கொடைக்கானல் இறங்குகிற வண்டிக்கு அதில் விளையாட்டு வேண்டாம்.

கொடைரோடு_டிரைவர்

வேலை முடிந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், அவரும் முகம் சுளிக்கவில்லை. இடது ஜாயிண்டைக் கழுவிக் காட்டினார், குண்டு எல்லாம் கண்ணாடி மாதிரி, பள்ளத்தில் குழி எதுவும் இல்லை. கிழிந்த பூட்டை எடுத்து மடக்கிப் பார்த்தால் காய்ந்த புளியங்கொட்டைத் தோல் போலப் படபடவென்று இன்னும் இரண்டு மடிப்பில் உடைகிறது. கிழியாத வலது பூட்டும் கழற்றும்போதே வாய் பிளந்துவிட்டது, அதனால் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்தது நல்லதாகப் போயிற்று. பேடில் கிரீஸ் இல்லை.

பூட் கிட், சீல், நட்டு, கியர் ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து முதலில் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. முதல் நாள் ஓட்டும்போது லேசாகத் தீய்ந்த வாடை வந்தது, சைலன்சர் பைப்பில் தெறித்திருந்த பழைய கிரீஸ்தான், துடைத்த பிறகு போய்விட்டது. மலை ஏறி இறங்கியாயிற்று, ரிம் உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது.

ஐ10_மதுரை

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஐ10-இல் பூட் எதுவும் கிழியவில்லை, ஆனால் கியர்பாக்ஸ் பக்கத்து பூட்டின் பெரிய வாய் ஓரத்தில் மட்டும் கிரீஸ் கசிந்து வளையமாகப் படிந்திருக்கிறது. இதற்கும் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

துடைத்துவிட்டு முதலில் அது கிரீஸா கியர் ஆயிலா என்று பாருங்கள். தண்ணீராக இருந்து கீழே சொட்டினால் அது ஷாஃப்ட் சீல், பூட்டுக்குச் சம்பந்தமில்லை. கெட்டியான கிரீஸ், கிளாம்பைக் கையால் பிடித்தால் சுற்றுகிறது என்றால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ரப்பர் மெத்தென்று வெடிப்பில்லாமல் இருந்தால் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை, வண்டியைத் தூக்கிப் பழைய கிளாம்பை வெட்டி எடுத்து, பூட் வாயையும் கிண்ணத்தின் ஓரத்தையும் நன்றாகத் துடைத்து, அதே அளவில் புதுக் கிளாம்ப் போட்டு அதற்குரிய குறட்டால் இறுக்கினால் முடிந்தது. ஓர் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி துடைத்துப் பாருங்கள். அப்போதும் கசிந்தால் பூட்டின் வாய் விரிந்துவிட்டது, அதற்கு பூட்தான் மாற்ற வேண்டும்.